கையெழுத்துக்கு மாற்றாள் இல்லை

தேர்தல் முடிந்த மறுநாள் மரக்காணம் உப்பளத்தில் எல்லோருடைய இடது ஆட்காட்டி விரலிலும் ஒரு கறுப்புக் கோடு இருக்கும். வெள்ளை உப்பில் வேலை செய்கிற கைகள் என்பதால் அது நன்றாகவே தெரியும். பலகையால் உப்பை வாரும்போதும், கூடையைத் தூக்கித் தலையில் வைக்கும்போதும், டீ கிளாசைப் பிடிக்கும்போதும் என் கண் முதலில் விரலுக்குத்தான் போகும். ஊருக்குள் இருப்பவர்களுக்கு அந்த மை ஒரு மாதம் நிற்கும், எங்களுக்கு உப்புத் தண்ணீர் பத்து நாளில் தின்றுவிடும் என்று அங்கே ஒரு பகிடி உண்டு. இந்த முறை செல்வி என் விரலைப் பார்த்துவிட்டு, “இன்னாண்ணே, ஒரே நாள்ல மை போய்டுச்சா? அப்பிடி இன்னா போட்டுத் தேச்ச?” என்று கேட்டாள். செல்வி என்னோடு ஒரே பாத்தியில் வேலை செய்பவள், காலனிக்காரி, நான்கு வருடமாகத் தெரிந்தவள். எங்களுக்கு ஓட்டு இல்லை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. ரேஷன் இருக்கிறது, ஆதார் இருக்கிறது, என் பிள்ளைகள் அவள் பிள்ளைகளோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள், ஓட்டு மட்டும் எப்படி இல்லாமல் போகும் என்று கேட்டாள். யாருக்குப் போட்டேன் என்று சொல்லப் பிடிக்காமல் நழுவுகிறேன் என்றே அன்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகளே, இதை உங்கள் இருவருக்காகவும், மன்னாரில் இருக்கிற உங்கள் பெரியம்மாவின் பிள்ளைகளுக்காகவும் எழுதுகிறேன். நம்மைப் போல வேறு முகாம்களில் இருப்பவர்கள் படித்தாலும் சந்தோஷம். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப்பிழை இருந்தால் மகள் நிலானி திருத்தட்டும், ஆனால் சொன்ன விஷயத்தைத் திருத்த வேண்டாம். பெரியம்மாவின் மகன் போனில் என்னிடம் கேட்டான்: “சித்தப்பா, நீங்கள் அங்க எத்தினை வருசம், அந்த ஊர்ப் பிரச்சினையளில உங்கட கருத்து என்ன?” என் கருத்தை யாரும் கேட்டுப் பழக்கமில்லாததால் அதை எங்கே வைத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அதைத் தேடி எடுத்த கதைதான் இது.

பத்து வயதில் நான் படகில் வந்தேன். மண்டபத்தில் இறங்கியதும் ஒரு மேசைக்கு முன்னால் எங்களை வரிசையில் நிற்க வைத்தார்கள். மேசையில் இருந்தவர் நல்ல மனுஷர்தான், குரலில் அதட்டல் இல்லை. எங்கள் அப்பா அந்தக் காலத்தில் சோதனைச் சாவடிகளில் கேட்ட கேள்விகளில் அரைபட்டு வந்தவர். எந்த ஊர், வழியில் யாரைப் பார்த்தீர்கள், படகு யாருடையது என்று எது கேட்டாலும், “எங்களுக்கு ஒண்டும் தெரியாது ஐயா” என்றார். கடைசியில் அந்த மனுஷர், “சரி, சாப்பிட்டீங்களா?” என்று கேட்டார். அதற்கும் அப்பா, “எங்களுக்கு ஒண்டும் தெரியாது ஐயா” என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, எனக்குப் பசித்தது. பிறகு ஒரு பெரிய நோட்டு வந்தது. அப்பா கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் குடும்ப எண் எழுதச் சொன்னார்கள், எழுதினார். அன்றிலிருந்து நம் குடும்பத்துக்கு அதுதான் வழக்கம். கேள்வி வந்தால் ஒன்றும் தெரியாது. நோட்டு வந்தால் கையெழுத்து, பக்கத்தில் எண்.

முகாமில் வளராதவர்களுக்கு இந்த நோட்டு விளங்காது. குறித்த நாளில் செக்கிங் என்றால் எங்கே இருந்தாலும் வந்து முகம் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். உப்பளத்துக்கு வருமுன் நான் பெயிண்டர் வேலை செய்தேன். பெரிய முதலியார்சாவடியில் ஒரு வீட்டுச் சுவருக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தபோது செக்கிங் என்று போன் வந்தது. பாதிச் சுவரோடு ஏணியை விட்டு இறங்கி, பஸ் பிடிக்க வேண்டும் என்றேன். வீட்டுக்காரர் ரிட்டயர்டு வாத்தியார். “ஏம்பா, ஒரு நாள் லீவு சொல்ல முடியாதா?” என்றார். முடியாது, கையெழுத்துப் போட வேண்டும் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, குரலைத் தாழ்த்தி, “இன்னா கேஸுப்பா உன் மேல?” என்று கேட்டார். நான் விளக்கம் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் இரக்கம் கூடியதே தவிர சந்தேகம் குறையவில்லை. மறுநாள் நான் திரும்பி வந்தபோது வீட்டு வாசலில் இருந்த சைக்கிளை உள்ளே எடுத்து வைத்திருந்தார். ஆனால் மத்தியானம் மீன் குழம்போடு சாப்பாடு போட்டார். இரண்டையும் சேர்த்துத்தான் நான் அவரை நினைத்துக்கொள்கிறேன். ஏணியிலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்ட பிறகு அந்த வேலையை விட்டேன். உப்பளம் முகாமுக்குக் கிட்ட. ஏணி இல்லை.

இனி இந்த வருடக் கதை. உப்பளத்துக்கும் காலனிக்கும் எங்கள் முகாமுக்கும் நடுவே கொஞ்சம் பட்டா நிலம் தரிசாகக் கிடக்கிறது. அதில் இறால் குட்டை வெட்டப்போவதாகவும், வெளியூர்க்காரர் ஒருவர் நிலத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டதாகவும் மாசி மாதத்தில் பேச்சு வந்தது. ஊர் இரண்டாகப் பிரிந்தது. எங்கள் பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்திருக்கிற தணிகாசலம் குட்டைக்கு ஆதரவு. அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். கூலியை ஒரு நாளும் தள்ளிப் போட்டதில்லை, கூடையை முதலில் தன் தலையில் தூக்கி வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பாரம் அதிகமா என்று சொல்லுவார். அவர் என்னிடம் ஒருநாள் சொன்னார்: “மழை மூணு மாசம் இந்தப் பாத்தியில இன்னா விளையும் சொல்லு. தவளைதான் கத்தும். குட்டை வந்தா வருஷம் பூரா வேலை. நீயும் பெயிண்ட் டப்பாவத் தூக்கினு ஊர் ஊரா போவத் தேவல.” எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. அடைமழைக் காலத்தில் சும்மா இருந்த நாட்களை நான் எண்ணிப் பார்க்கத் தேவையில்லை, உங்கள் அம்மா எண்ணி வைத்திருக்கிறாள்.

செல்வி எதிர்ப்பு. அவள் பெரிய காரணம் எதுவும் சொல்லவில்லை. வேலை முடிந்து கரையேறியதும் நாங்கள் எல்லோரும் முதலில் போவது காலனி அடிபம்புக்குத்தான். நாளெல்லாம் உப்புத் தண்ணீரில் நின்ற காலில் பாளம் பாளமாக வெடிப்பு இருக்கும். அதில் நல்ல தண்ணீர் படும்போது ஒரு நிமிடம் உயிர் போய் வரும், பிறகு எரிச்சல் அடங்கும். அங்கே காலைக் கழுவிக்கொண்டே அவள் சொன்னாள்: “குட்டை வெட்டினா கடல் தண்ணி உள்ள எறங்கி இந்தப் பம்பு உப்பாய்டும்ணே. உப்புல நிக்கிற காலுக்கு உப்புத் தண்ணியே ஊத்தச் சொல்றாங்க.” அந்தப் பம்புக்கும் எங்கள் முகாம் கிணற்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே ஊற்று. நான் எந்தப் பக்கம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. குட்டையால் வேலை வரும் என்பது உண்மை. ஆனால் வேலை போனால் இன்னொரு வேலை தேடலாம். ஊற்று கெட்டுப்போனால் ஏணி வைத்து இறங்கித் திருத்த முடியாது. இதுதான் என் கருத்து. தணிகாசலத்தின் மழைக்காலக் கணக்குக்கு என்னிடம் பதில் இல்லை என்பதையும் சேர்த்தேதான் சொல்கிறேன்.

ஒன்று இடையில் சொல்ல வேண்டும். இடையஞ்சாவடிப் பக்கமிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி ஸ்கூட்டரில் பறவை பார்க்க வருவார். கழுத்தில் பைனாகுலர், நல்ல தமிழ். நான் இலங்கையிலிருந்து வந்தவன் என்று தெரிந்ததும், பாத்தியோரம் நின்ற கொக்குகளைக் காட்டி, “இவையும் உங்களைப் போல வந்தவை” என்று அன்பாகச் சொன்னார். உங்களைப் போல என்றால் பெயிண்டர்களா என்று கேட்டேன். அவருக்கு என் பகிடி விளங்கவில்லை, எனக்கு அவருடைய அன்பு முழுதாக விளங்கவில்லை. நிலானியும் பள்ளிக்கூடக் கட்டுரையில் இதே ஒப்புமையை எழுதிப் பரிசு வாங்கினாள். மகளே, நீ நன்றாகத்தான் எழுதியிருந்தாய். ஆனால் அப்பாவுக்கு அதில் சம்மதம் இல்லை. பறவைக்குத் திரும்பிப் போகிற மாதம் தெரியும். வந்த இடத்துக் கிணற்றைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. நமக்குப் போகிற மாதம் தெரியாது, கிணற்றுக் கவலை இருக்கிறது.

மே ஒன்றாம் தேதி கிராம சபை. குட்டைக்கு அனுமதி தரக்கூடாது என்று தீர்மானம் போட வேண்டும் என்று காலனிக்காரர்கள் ஒரு மாதமாக அலைந்திருந்தார்கள். அன்று உப்பளத்துக்கு விடுமுறை. சும்மா வந்து கேளுங்கள், கேட்க ஓட்டு எதற்கு என்று செல்வி கூப்பிட்டாள். முகாமிலிருந்து ஐந்து பேர் போனோம். பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா போட்டிருந்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். குறைந்தது நூறு பேர் கையெழுத்து இருந்தால்தான் கூட்டம் செல்லும், வந்தவர்கள் நோட்டில் கையெழுத்துப் போட்டு முன்னால் அனுப்புங்கள் என்று ஊராட்சி கிளார்க் மைக்கில் சொன்னார். வந்தவர்கள் என்றுதான் சொன்னார். நோட்டு ஒவ்வொரு வரிசையாகக் கைமாறிக் கடைசி வரிசைக்கு வந்தது. பக்கத்திலிருந்தவர் போட்டுவிட்டு என் மடியில் வைத்தார்.

நான் யோசிக்கவே இல்லை. முப்பத்தைந்து வருடப் பழக்கம். நோட்டு வந்தது, கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் நம் குடும்ப எண்ணையும் எழுதினேன். எனக்கு அடுத்து நம் ஆட்கள் நான்கு பேரும் அப்படியே எழுதினார்கள். கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது எனக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது, அதை மறைக்கப் போவதில்லை. நான் எங்கேயும் ஓடிப்போகவில்லை என்று காட்டுவதற்காக இல்லாமல், நான் வந்திருக்கிறேன் என்பதற்காக முதல் தடவையாகக் கையெழுத்துப் போட்டதாகத் தோன்றியது. அந்தச் சந்தோஷத்தில்தான் எழுந்து ஒரு கேள்வியும் கேட்டேன்: “குட்டையிலிருந்து வெளியேறுற கழிவுத் தண்ணி எங்க போகும்? அது எங்க போகுமெண்டு காட்டின பிறகு குட்டையைப் பற்றிக் கதைக்கலாமே.” முன்வரிசையில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். குட்டை ஆதரவாளர்கள் வருடம் முழுவதும் வேலை என்பதையே மறுபடியும் சொன்னார்கள். கை தூக்கச் சொன்னபோது எங்கள் ஐந்து பேர் கையும் மடியிலேயே இருந்தது. ஓட்டு இல்லாதவர் கை தூக்கக்கூடாது என்பது எங்களுக்குத் தெரிந்திருந்தது. தீர்மானம் நிறைவேறியது.

இரண்டு வாரத்தில் புகார் போனது. நோட்டில் நூற்று இரண்டு கையெழுத்து. அதில் ஐந்துக்குப் பக்கத்தில் முகாம் எண். அந்த எண்ணை எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்தே இருக்காது. ஐந்தைக் கழித்தால் தொண்ணூற்றேழு, கூட்டம் செல்லாது. கூட்டம் செல்லாவிட்டால் தீர்மானமும் செல்லாது. வாக்காளர் அல்லாதவர்களைக் கொண்டுவந்து கணக்குக் காட்டியது யார் என்று விசாரிக்க ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒருவர் வருகிறார் என்றார்கள்.

அந்த வாரம் செல்வி என்னோடு பேசவில்லை. ஒரே பாத்தியில் எதிரெதிரே நின்று உப்பு வாரினோம், பலகை உரசுகிற சத்தம்தான். ஐந்தாவது நாள் பம்படியில் அவளாகவே ஆரம்பித்தாள். “கையெழுத்துப் போட்டீங்க, சரி. தெரியாம போட்டீங்க. நம்பரயுமாண்ணே போடுவீங்க? அது இன்னா ரேஷன் கடையா?” சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி நூறு பேரைக் கூட்டியது அவள் கால்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. நிலானி நர்சிங் சேர முகாம் சான்றிதழ் வேண்டி மனுக் கொடுத்திருந்த நேரம் அது. “உங்களுக்கு ஏன் இந்த வேலை? பிள்ளையின்ர பேப்பரெல்லாம் ஒவ்வொரு மேசையாத் தாண்டிப் போகோணும். இப்ப போய்ப் பெயரைக் கெடுத்து வச்சிருக்கிறியள்” என்றாள் உங்கள் அம்மா. அவள் சொன்னதில் பிழை இல்லை. முகாம் தலைவர் சவரிமுத்து அண்ணை வந்து உட்கார்ந்து, “அது என்ர கையெழுத்தே இல்லை, எனக்கு ஒண்டும் தெரியாதெண்டு சொல்லு. இத்தினை வருசம் அப்பிடிச் சொல்லித்தான் நாங்கள் சீவிச்சனாங்கள்” என்றார். தணிகாசலம் வேறொரு வழி சொன்னார். கிளார்க் போடச் சொன்னதால்தான் போட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் என் மேல் ஒன்றும் வராது, எல்லாம் கிளார்க் தலையோடு போகும் என்றார். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார், அதில் அவர் ஆதரிக்கிற குட்டைக்கும் லாபம் உண்டு என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நிலானி புத்தகத்திலிருந்து தலை தூக்காமல், “உங்களப் பார்த்து யாரும் போடச் சொல்லலதானே? அப்புறம் ஏன் சொன்னாங்கன்னு எழுதணும்?” என்று மட்டும் கேட்டாள். அவள் பேசுவது இந்த ஊர்த் தமிழ். போனில் மன்னார்ப் பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். எனக்கு அன்று அது மிகவும் சுத்தமான தமிழாகப் பட்டது.

விசாரணை ஊராட்சி அலுவலகத்தில். வந்தவர் இளவயதுக்காரர், மேசையில் தண்ணீர் பாட்டிலும் அந்த நோட்டும். நான் வீட்டிலேயே நான்கு வரி எழுதிக் கொண்டுபோயிருந்தேன். நோட்டு கைமாறி வந்தது, யாரும் என்னைப் பார்த்துப் போடச் சொல்லவில்லை, நானாகத்தான் போட்டேன், எனக்கு வாக்குரிமை இல்லை என்று எனக்குத் தெரியும். கீழே கையெழுத்துப் போட்டேன். எண்ணையும் எழுதப் போன கையை இந்த முறை நிறுத்திக்கொண்டேன். அவர் படித்துவிட்டு, அப்படியென்றால் எண்ணை ஏன் எழுதினீர்கள் என்று கேட்டார். பழக்கம் ஐயா என்றேன். பிறகு, “ஓட்டு இல்லைன்னு தெரிஞ்சும் கூட்டத்துக்கு ஏன் போனீங்க?” என்றார். அப்பா சொன்ன பதில் என் தொண்டை வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, “அந்தத் தண்ணியை நாங்களும் குடிக்கிறம் ஐயா” என்றேன். அவர் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று தெரியாது. கிளார்க்கின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. தீர்மானம் ரத்தானது. பதினைந்து நாளில் சிறப்புக் கூட்டம் என்றார்கள்.

நூறு பேரை மறுபடியும் சேர்க்க வேண்டும். மே மாதம் போல அன்று விடுமுறை இல்லை. கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் தென்மேற்கே மேகம் கட்டத் தொடங்கியது. பாத்திகள் நிறைய உப்பு இறுகி நின்றது. ஒரு மழை பெய்தால் கரைந்து தண்ணீராய்ப் போய்விடும், ஆகவே மழைக்கு முன்னால் வாரிக் கரையேற்ற வேண்டும். கூட்டமும் அதே காலையில். காலனியில் பாதிப் பேர் உப்பளக் கூலிகள், சிலர் சொந்தமாக இரண்டு பாத்தி வைத்திருப்பவர்கள். உப்பை விட்டுவிட்டு யார் கூட்டத்துக்கு வருவார்கள் என்று செல்வி பம்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

உப்பளத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருக்கு உடம்புக்கு முடியாவிட்டால் வேறொருவரைத் தன் இடத்துக்கு அனுப்பலாம். மாற்றாள் என்பார்கள். யார் பெண்டாட்டி, யார் மைத்துனன் என்று எவரும் கேட்பதில்லை, உப்பு கரையேறினால் சரி. நோட்டில் நான் செய்த பிழையும் ஒரு விதத்தில் இந்தப் பழக்கத்தால் வந்ததுதான். ஆள் குறைகிறது என்றால் நான் போய் நிற்பேன் என்கிற புத்தி. அங்கே அது செல்லவில்லை. ஆனால் இங்கே செல்லும் என்று எனக்குத் தோன்றியது. நான் செல்வியிடம் சொன்னேன்: “நீங்கள் கூட்டத்துக்குப் போங்கோ. உங்கட பாத்தியை நாங்கள் வாருறம்.” அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, “தணிகாசலம் ஒத்துக்குவாரா? அவரு அந்தப் பக்கமாச்சே” என்றாள்.

தணிகாசலத்திடம் நானே போய்க் கேட்டேன். எதற்காக என்றும் மறைக்காமல் சொன்னேன். அவர் பீடியை அணைத்துவிட்டு வானத்தைப் பார்த்தார். “பாத்தியில மாத்தாள் உண்டு. யாரு வாரினா இன்னா, உப்பு உப்புதான். போவச் சொல்லு. நானும்தான் போறேன், அவங்களுக்கு எதிர்த்துக் கை தூக்க.” இதற்கு மேல் அவரைப் பற்றி நான் என்ன எழுத. கருத்து வேறுபட்டவர்களை எதிரி என்று சொல்ல அவசரப்படாதீர்கள், பிள்ளைகளே. நாங்கள் விட்டு வந்த இடத்தில் அந்த அவசரம் எங்களுக்கு எவ்வளவு செலவு வைத்தது என்று பெரியம்மாவிடம் கேளுங்கள்.

அன்று விடியுமுன்பே முகாமிலிருந்து இருபத்திரண்டு பேர் உப்பளத்தில் இறங்கினார்கள். சவரிமுத்து அண்ணையும் வந்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடையை எடுத்தார். பாதிப் பேர் பெயிண்டர்கள், உப்பு வாரித் தெரியாதவர்கள். பலகையைச் சுவருக்குப் பட்டி பார்ப்பதுபோல இழுத்தார்கள். அப்படி இழுத்தால் அடியிலுள்ள சேறும் சேர்ந்து வரும், மேலாக வாருங்கள் என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். உங்கள் அம்மா தலையில் சும்மாடு வைத்து ஐம்பது நடையாவது நடந்திருப்பாள், எனக்குக் கேட்கும்படி முணுமுணுத்துக்கொண்டேதான். உப்புக்குப் பழகாத புதுக் கால்கள், எல்லோருக்கும் எரிந்தது. தூரத்தில் பள்ளிக்கூட மைக் சத்தம் காற்றில் வந்து வந்து போனது. என்ன பேசுகிறார்கள் என்று புரியவில்லை. அந்த மைதானத்தில் முடிவு செய்துகொண்டிருந்தது எங்கள் கிணற்றைப் பற்றி. நாங்கள் நின்றுகொண்டிருந்தது அவர்களுடைய உப்பில்.

பத்து மணிக்கு மேல் முதல் தூறல் விழுந்தது. கடைசி இரண்டு பாத்தியைக் காப்பாற்ற முடியவில்லை. மற்றதெல்லாம் கரையில் குவிந்து தென்னங்கீற்றுக்குள் இருந்தது. சிறிது நேரத்தில் வரப்பின் மேல் செல்வியும் மற்றவர்களும் நனைந்துகொண்டு வந்தார்கள். நூற்றுப் பதினோரு பேர், எல்லாம் வாக்காளர்கள். தீர்மானம் கொஞ்சக் கை வித்தியாசத்தில் நிறைவேறிவிட்டது என்று அவள் சொல்லும்போதே குவியல்களை எண்ணிக்கொண்டிருந்தாள். பின்னாலேயே தணிகாசலம் டீ கேனோடு வந்தார். தோற்றுவிட்டேன் என்று யாரிடமும் சொல்லாமல் எல்லோருக்கும் டீ ஊற்றினார். “மழைக் காலத்துக்கு இன்னா வழின்னு அடுத்த சபையில நான் கேப்பேன், பார்த்துக்க” என்று செல்வியிடம் மட்டும் சொன்னார். கேட்க வேண்டிய கேள்விதான்.

பெரியம்மாவின் மகன் அதே போனில் இன்னொன்றும் கேட்டிருந்தான், திரும்பி வருவீர்களா என்று. அதற்கும் என் கருத்தை எழுதிவிடுகிறேன். எனக்கு அங்கே ஒரு வாக்காளர் பட்டியலில் இடம் கிடைக்கும், கிணறு எங்கே இருக்கிறது என்று நினைவில்லை. இங்கே கிணறு எங்கே, அதன் ஊற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றுகூடத் தெரியும், பட்டியலில் இடமில்லை. இரண்டும் ஒரே ஊரில் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுவது பேராசை இல்லை என்றே நினைக்கிறேன். அது எந்த ஊர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. நிலானிக்கு இந்த ஊர்தான் என்று அவள் சொல்லிவிட்டாள். அவளுடைய சான்றிதழ் கொஞ்சம் தாமதமாக வந்தது, ஆனால் வந்தது.

சிறப்புக் கூட்டத்துக்கு அடுத்த வாரம் ஊராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையில் அதன் நடவடிக்கையை ஒட்டியிருந்தார்கள். சான்றிதழுக்கு ஜெராக்ஸ் எடுக்கப் போன வழியில் நிலானியும் நானும் நின்று படித்தோம். இரண்டாம் பக்கத்தில் இப்படி இருந்தது: ‘குட்டையிலிருந்து வெளியேற்றப்படும் கழிவுநீர் எவ்விடம் செல்லும் என்பதை முதலில் தெரிவிக்க வேண்டும் என மூன்றாவது வார்டு வாக்காளர் திருமதி செல்வி வினவினார்.’ நிலானி திரும்பி, “இது உங்க கேள்விப்பா” என்றாள். நான் தலையாட்டினேன். செல்வி அதைப் பத்திரமாகக் கொண்டுபோய் அங்கே வைத்திருக்கிறாள், வேறு யார் பெயரில் வைக்க முடியும். இன்னொரு முறை முதலிலிருந்து படித்தேன். பின்னால் நின்ற ஒருவர், “படிச்சிட்டீங்களாண்ணே? கொஞ்சம் தள்ளிக்குங்க” என்றார். அவர் இந்த ஊர்க்காரர், பட்டியலில் இருப்பவர். நான் நகர்ந்து, அவருக்கு வழிவிட்டு, அவர் அந்த இரண்டாம் பக்கத்துக்கு வருகிறாரா என்று பார்த்தபடி நின்றேன்.